ரெண்டு பேருக்குச் சாப்பிடுவதா, ஆப்பில் கலோரி எண்ணிச் சாப்பிடுவதா, எடை பார்த்துச் சாப்பிடுவதா?

முதல் பிரசவத்தில் 56 கிலோவில் ஆரம்பித்து 76 கிலோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டாவதில் 63-இல் ஆரம்பித்து 73-இல் முடிந்தது. நடுவில் நான்கு வருஷம். இந்த இரண்டு கர்ப்பத்திலும் சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த யோசனைகளைக் கூட்டினால் ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பும். அம்மா ஒன்று சொன்னார், மாமியார் ஒன்று சொன்னார், ஆபீஸ் தோழி கலோரி எண்ணும் ஒரு ஆப்பைப் போனில் இறக்கித் தந்தாள், மெடிக்கல் ஷாப்பில் ஒரு சத்துப் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினார்கள். ஒவ்வொன்றையும் கொஞ்ச நாளாவது செய்து பார்த்தேன். இப்போது என் நாத்தனார் மாசமாக இருக்கிறாள், அவளும் அதே கேள்விகளோடு போன் செய்கிறாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பு உங்கள் எடை என்ன, உயரம் என்ன? எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. எவ்வளவு எடை ஏறலாம் என்று உலகம் முழுக்க டாக்டர்கள் அதிகம் பார்க்கும் அட்டவணை 2009-இல் அமெரிக்காவில் வந்தது. பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே என்றால் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும், 18.5-இலிருந்து 25-க்குள் என்றால் 11.5 முதல் 16 வரை, 25-இலிருந்து 30-க்குள் என்றால் 7 முதல் 11.5 வரை, 30-க்கு மேல் என்றால் 5 முதல் 9 வரை. இது ஒற்றைக் குழந்தைக்கு. இரட்டை என்றால் கணக்கே வேறு, அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கே நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் உடல்வாகில் எடை குறைவாக இருந்தாலும் கொழுப்பு அதிகமாக இருக்கும், அதனால் இந்தியர்களுக்கு 23-க்கு மேலே போனாலே அதிக எடை, 25 என்றால் உடல்பருமன் என்று இந்திய மருத்துவர்கள் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். நான் 156 சென்டிமீட்டர் உயரம், முதல் கர்ப்பத்தின்போது 56 கிலோ. கணக்குப் போட்டால் சரியாக 23 வருகிறது. அமெரிக்க அட்டவணைப்படி நான் சரியான எடை, 16 கிலோ வரை ஏறலாம். இந்திய வரம்புப்படி பார்த்தால் அதிக எடையின் வாசற்படியில் நிற்கிறேன். நம் ஊரில் பெரும்பாலான டாக்டர்கள் பொதுவாக 10 முதல் 12 கிலோ என்று சொல்வார்கள், என் போன்ற வாசற்படிக்காரிகளுக்கு அந்த எண்தான் பொருத்தம் என்று இப்போது நினைக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் 20 கிலோ என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது.

"குழந்தை மூணு கிலோதானே, மீதியெல்லாம் எதுக்கு?" என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார். நியாயமான கேள்விதான். குழந்தை 3 கிலோ, நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல், பனிக்குட நீர் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை, விரிந்த கர்ப்பப்பை ஒரு கிலோ, மார்பகம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கூடுதல் ரத்தம் ஒன்றேகால் கிலோவுக்கு மேல், உடம்பில் சேரும் நீர் ஒன்றரைக் கிலோ. இதுவே எட்டரை, ஒன்பது கிலோ ஆகிவிடும். அதற்கு மேல் ஏறும் மூன்று கிலோ சொச்சம் கொழுப்பு, பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடம்பு சேர்த்து வைத்துக்கொள்வது. ஆக 12 கிலோ என்பதை யாரோ வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

சரி, அந்த 12 கிலோ ஏற எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட அளவுப்படி கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். அமெரிக்காவில் முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதல் எதுவும் வேண்டாம், அடுத்த மூன்று மாதத்துக்கு 340, கடைசி மூன்று மாதத்துக்கு 452 என்கிறார்கள். இங்கிலாந்தில் முதல் ஆறு மாதத்துக்கு ஒன்றுமே வேண்டாம், கடைசி மூன்று மாதத்துக்கு வெறும் 200 போதும் என்று சொல்வதைப் பார்த்தபோது எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. ஏன் இத்தனை வித்தியாசம்? ஒரு பெண் மாசமானபின் எவ்வளவு நடமாடுவாள், எவ்வளவு உட்கார்ந்திருப்பாள், எந்த எடையில் தொடங்குகிறாள் என்பதை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய காரணம். வயல் வேலைக்குப் போகிறவளுக்கும் கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருகிறவளுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? ஆனால் இந்த மூன்று நாடுகளில் எதுவும் 500-ஐத் தாண்டவில்லை, இதை மட்டும் கவனியுங்கள். ரெண்டு பேர் சாப்பாடு என்று இதில் எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

இனி ஒவ்வொரு வழியாக வருகிறேன்.

முதல் வழி அம்மாவுடையது. "உனக்கு ஒரு வாய், உள்ள இருக்கிற உயிருக்கு ஒரு வாய்." ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து லால்குடி பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன், அப்போது 65 கிலோ. அங்கே இருந்த இரண்டரை மாதத்தில் 11 கிலோ ஏறியது. அம்மா பரிமாறுவதை அப்படியே சொன்னால் புரியும். நான் கையை மறைத்து "போதும்மா" என்று சொன்னதும் கரண்டி நிற்கும், நான் கையை எடுத்ததும் சோறு இலையில் விழும், அதன் மேல் நெய் விழும். மோர்ச் சோற்றுக்கு வந்தபின் "ரசம் விட்டுக்கலையே" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சாயங்காலம் அதிரசம், படுக்கப் போகும்போது குங்குமப்பூ போட்ட பால், அதில் மூன்று ஸ்பூன் சர்க்கரை.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் மாசமாக இருந்த காலத்தில் பத்தியம் என்ற பெயரில் பாதி சாப்பாட்டை நிறுத்தி வைத்தார்களாம், "குழந்தை பெரிசானா பிரசவம் கஷ்டம்" என்று சொல்லி வயிற்றைக் காயப் போட்டார்களாம். என் அண்ணன் பிறந்தபோது இரண்டு கிலோதான் இருந்தான். அந்தப் பயம் அவரை இன்னும் விடவில்லை. எடை குறைந்த பெண்ணுக்கு அம்மாவின் வழி உண்மையிலேயே பிழையில்லாத வழி. பசி, வாந்தி, பயம் எல்லாவற்றையும் தாண்டி யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரு வாய்" என்று சொல்ல வேண்டிய பெண்கள் நம் கிராமங்களில் நிறைய இருக்கிறார்கள். நான் அந்தப் பெண் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நிறையச் சாப்பிட்டால் குழந்தை நன்றாக வளரும் என்பதே முழு உண்மை இல்லை. புனேக்குப் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளை வைத்து 1990-களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிறந்த குழந்தையின் அளவோடு அம்மா சாப்பிட்ட மொத்தக் கலோரிக்குப் பெரிய தொடர்பு தெரியவில்லை. கீரை, பழம், பால் இந்த மூன்றையும் அடிக்கடி சாப்பிட்டவர்களின் குழந்தைகள்தான் நல்ல அளவில் பிறந்திருந்தன. அதே ஆய்வில் தெரிய வந்த இன்னொன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது: அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ, ஆனால் நம் குழந்தைகளுக்குக் குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும்தான், கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும், உள்ளே கொழுப்பு இருக்கும். அப்படியானால் ஒரு கரண்டி சோறும் ஒரு ஸ்பூன் நெய்யும் கூட்டுவதால் மட்டும் நாம் விரும்புகிறது நடக்காது, என்ன கூட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வழி ஆப். இரண்டாம் கர்ப்பத்தில் மசக்கை அடங்கியதும் ஆறு வாரம் ஒரு ஆப்பில் எல்லாவற்றையும் பதிந்தேன். நல்லதை முதலில் சொல்கிறேன். முதல் வாரத்திலேயே அது என் கண்ணைத் திறந்தது. நான் அதிகம் சாப்பிடுவதாக நினைத்தது சோற்றை, உண்மையில் என்னை ஏற்றிக்கொண்டிருந்தது காபி. ஒரு டம்ளர் பால் காபி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கிட்டத்தட்ட 100 கலோரி. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர். கர்ப்பத்துக்கு வேண்டிய மொத்தக் கூடுதலும் காபியிலேயே போய்விடுகிறது, அதில் குழந்தைக்குக் கிடைப்பது கொஞ்சம் பால் மட்டும். தவிர கஃபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், கெட்டி டிகாக்ஷன் நான்கு டம்ளர் குடித்தால் அதுவும் இடிக்கும். காபியோ டீயோ இரும்புச்சத்து மாத்திரையின் பலனையும் கெடுக்கும். நான்கை ஒன்றாக்கினேன், அதிலும் அரை ஸ்பூன் சர்க்கரை.

ஆனால் அதற்கு மேல் ஆப் எனக்கு உதவவில்லை. இட்லி என்று தேடினால் ஒரே இட்லிக்கு மூன்று விதமான கலோரி காட்டும், எந்த ஊர் இட்லி, எந்தத் தட்டு இட்லி என்று யாருக்குத் தெரியும்? புளிக்குழம்பு ஒரு கப் என்று போட்டால் ஏதோ ஒரு எண் வரும். எங்கள் வீட்டில் மாமியார் குழிக்கரண்டியால் நல்லெண்ணெய் ஊற்றித்தான் தாளிப்பார், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி, குழிக்கரண்டியில் அதுபோல இரண்டு மூன்று பங்கு பிடிக்கும், அதை எத்தனை பேருக்குப் பங்கு போட்டு எழுதுவது? கூட்டுக் குடும்பத்துச் சமையலுக்கும் இந்த ஆப்புகளுக்கும் ஒத்தே வராது. அதைவிடப் பெரிய குறை, நான் வைத்திருந்த ஆப்பில் குறைக்கணுமா, அப்படியே இருக்கணுமா, கூட்டணுமா என்று மூன்றுதான் இருந்தது, கர்ப்பம் என்று ஒன்று இல்லை. கொஞ்சம் அதிகமானால் சிவப்பு நிறம் காட்டும். ஐந்தாம் மாதம் ஒரு ராத்திரி பசித்து எழுந்து உட்கார்ந்திருந்தேன், சிவப்பு வந்துவிடுமே என்று ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிடாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் அதை நினைத்து அழுதேன், அன்றைக்கே அழித்துவிட்டேன். வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு பசியை அடக்குவது எந்தக் கணக்குக்கும் நியாயம் இல்லை.

அதனால் என் முடிவு: ஆப் வேண்டுமென்றால் இரண்டு வாரம் போடுங்கள், உங்கள் கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். சாப்பாட்டு விஷயத்தில் முன்பே மனக்கஷ்டம் இருந்தவர்கள், எடையை நினைத்துத் தூக்கம் கெடுகிறவர்கள் அந்த இரண்டு வாரமும் போட வேண்டாம்.

மூன்றாவது வழி டப்பா. கர்ப்பிணிகளுக்கென்றே விற்கும் பவுடர்கள், வெனிலா, சாக்லேட், குங்குமப்பூ வாசனையில். முதல் கர்ப்பத்தில் மாதம் இரண்டு டப்பா வாங்கினேன். பின்பக்கம் இருக்கும் சின்ன எழுத்தை அப்போது படிக்கவில்லை, இரண்டாவது முறை படித்தேன், சேர்மானப் பட்டியலில் சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தது. எல்லா டப்பாவும் அப்படி என்று சொல்லவில்லை, வாங்குமுன் திருப்பிப் பாருங்கள் என்கிறேன். புரதம் அதிகமாகப் போட்ட பவுடரைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆதரிக்கவில்லை, ஊட்டம் குறைந்த மக்களிடையே கூட. அங்கே அவர்கள் ஆதரிப்பது கலோரியும் புரதமும் சரியான விகிதத்தில் கலந்திருக்கும் துணை உணவை. வாந்தியில் எதுவுமே உள்ளே போகாத வாரங்களில், ஒரு டம்ளர் பவுடர் பால் மட்டும் தங்குகிறது என்றால் தாராளமாகக் குடிக்கலாம், டாக்டரும் சில பேருக்கு எழுதித் தருவார். நன்றாகச் சாப்பிட முடிகிறவளுக்கு அது சர்க்கரைக்குக் கொடுக்கும் காசு.

வீட்டில் அரைக்கும் சத்துமாவு அதைவிட மேல். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை என்று எத்தனை சாமான் போட்டாலும் அதில் பெரும்பங்கு தானியம்தான். மூன்று மேசைக்கரண்டி மாவுக்கு நூறு கலோரிக்கு மேல் வரும், புரதம் மூன்று நான்கு கிராம் வரும். கஞ்சியில் நாட்டுச்சர்க்கரையை அள்ளிப் போட்டால் அதுவும் சர்க்கரையே. கஞ்சியைக் குடித்துவிட்டு "சத்து போயாச்சு" என்று நான்கு இட்லியும் சாப்பிட்டால் அது கூடுதல், இரண்டு இட்லியைக் குறைத்துவிட்டுக் கஞ்சி குடித்தால் அது சாப்பாடு.

நான்காவது வழிதான் நான் கடைசியில் பிடித்துக்கொண்டது. வாரம் ஒரு முறை எடை, தினமும் பெயர் சொல்லி இரண்டு மூன்று பொருள். வேறு எதையும் எண்ணவில்லை.

ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு எடை மெஷின் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், அதே நைட்டியோடு, அதே இடத்தில் ஏறி நிற்பேன். செக்கப்புக்குப் போகும் இடத்தில் சாப்பிட்டுவிட்டுச் செருப்போடு ஏறி ஒரு எண், அடுத்த மாதம் வெறும் வயிற்றில் ஒரு எண் என்று வந்தால் அந்த அட்டையில் எழுதுவதற்கு ஒரு அர்த்தமும் இருக்காது, அதனால்தான் வீட்டு மெஷின். முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறினால் போதும், மசக்கையில் எனக்கு ஒரு கிலோ இறங்கியது, அதுவும் சாதாரணம்தான். (ஆரம்ப எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால், தண்ணீர் கூடத் தங்கவில்லை என்றால், வீட்டில் காத்திருக்கக் கூடாது.) நான்காம் மாதத்திலிருந்து சரியான எடையில் தொடங்கியவர்களுக்கு வாரம் 400 கிராம் சொச்சம், மெலிந்தவர்களுக்கு அரைக் கிலோ, 25-க்கு மேல் பி.எம்.ஐ. இருப்பவர்களுக்கு 300 கிராமுக்குள். எனக்குச் சராசரியாக 400 வந்தது, கொஞ்சம் அதிகம்தான், மொத்தத்தில் 10 கிலோவில் நின்றது.

ஒரு வாரத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மலச்சிக்கல், உப்பு அதிகமான ஊறுகாய், கல்யாணச் சாப்பாடு எல்லாமே எண்ணை மாற்றும். மூன்று வாரம் சேர்த்துப் பாருங்கள். மூன்று வாரமும் அதிகம் என்றால் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தோசை, மதியம் ஒரு கரண்டி சோறு குறைப்பேன், காயைக் கூட்டுவேன். மூன்று வாரமும் ஏறவில்லை என்றால் ஒரு கைப்பிடி கடலை கூட. ஆனால் திடீரென்று ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். எனக்கு 33-ஆவது வாரத்தில் 1.4 கிலோ ஏறியது, மோதிரமும் இறுகியது. அன்றைக்கே போய் பிரஷர் பார்த்தோம், சிறுநீர் டெஸ்ட் எடுத்தோம், எல்லாம் நார்மல். பயந்து போனது வீண் இல்லை. முகம், கை வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி இவற்றில் எது வந்தாலும், எடை ஏறியிருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே போக வேண்டும்.

இப்போது அந்த 350 கலோரியைப் பார்ப்போம், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இதுதான். ஒன்றரைக் கப் சோறு கூடுதலாகச் சாப்பிட்டால் சுமார் 350 கலோரி, புரதம் 7 கிராம். அதற்குப் பதில் இரண்டு வேகவைத்த முட்டை, ஒரு டம்ளர் பால், சின்னக் கைப்பிடி வேர்க்கடலை. அதுவும் சுமார் 350 கலோரிதான், ஆனால் புரதம் 22 கிராம். கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டிய புரதம் எவ்வளவு என்று அதே ஐ.சி.எம்.ஆர். அளவில் பார்த்தால் 22 கிராம் என்று இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று நோட்டில் பெரிதாக எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும், 19 கிராம் வரை வரும், மதியம் கொஞ்சம் பருப்பைக் கெட்டியாக விட்டுக்கொண்டால் மீதியும் ஆயிற்று. இதில் எதுவுமே டப்பாவில் வருவதில்லை, எல்லாமே தெருமுனைக் கடையில் கிடைக்கும்.

இதோடு புனே ஆய்வு சொன்ன கீரையும் பழமும். வாரம் நான்கு நாள் முருங்கைக்கீரை அல்லது சிறுகீரை, தினம் ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடை, டாக்டர் நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாமல் வேறு வேறு வேளையில் போட்டேன், சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக ஏறாது.

இப்போது நாத்தனார் விஷயம். துறையூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறாள், 155 சென்டிமீட்டர், மாசமானபோது 41 கிலோ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 17. என் கதவில் ஒட்டியிருந்த தாளைப் போன வருஷம் போட்டோ எடுத்துக்கொண்டு போனவள், அதை அப்படியே செய்திருக்கிறாள். சோற்றைக் குறைத்தாள், தோசையைக் குறைத்தாள், நெய்யை நிறுத்தினாள், "அண்ணி மாதிரி வெயிட் போடாம இருக்கணும்" என்று. 24-ஆவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு அவளை உட்கார வைத்திருக்கிறார். மொத்தமே இரண்டு கிலோதான் ஏறியிருந்தது. அவள் போனில் அதைச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. தாளில் உணவு எழுதியிருந்தேன், யாருக்கு என்று எழுதவில்லை.

63 கிலோவில் இருந்தவளுக்குச் சரியாக இருந்த வழி 41 கிலோ பெண்ணுக்கு ஆபத்து. அவளுக்கு என் அம்மாவின் வழிதான் வேண்டும், கொஞ்சம் புத்தியோடு. அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் துணை உணவு ஒரு நாளைக்கு 600 கலோரியும் அதோடு புரதமும் தர வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அவள் வீட்டில் அந்தச் சத்துமாவுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அதைப் பிரிக்கச் சொன்னேன். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் நெய்யும் இருந்தன. ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி. நான் அதைத் தள்ளி வைக்க வேண்டும், அவள் அதைச் சோற்றில் விட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வேளை அவளால் நிறையச் சாப்பிட முடியவில்லை, சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுகிறது, அதனால் ஆறு வேளையாகப் பிரித்தோம்: காலையில் கஞ்சி, பதினொரு மணிக்குக் கடலை உருண்டை, நான்கு மணிக்கு முட்டை, படுக்கும்போது பால்.

ஆக எதைத் தேர்ந்தெடுப்பது? பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே என்றால் தயங்காமல் வீட்டுப் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு நன்றாகச் சாப்பிடுங்கள், அங்கன்வாடி மாவை வாங்குங்கள், எடை ஏறுகிறதா என்று மட்டும் வாரம் பாருங்கள். 18.5-க்கும் 23-க்கும் நடுவே என்றால் அந்த 350 கலோரிக்கான பொருள்களைச் சேர்த்தாலே போதும், வேறு எதையும் தொட வேண்டாம். 23-க்கு மேல் என்றால் அந்தப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டு, சோறு, எண்ணெய், சர்க்கரையில் அதற்கு ஈடாகக் கொஞ்சம் குறையுங்கள், இதற்கு எடை நோட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் கர்ப்பத்தில் எடையைக் குறைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். பேலியோ, சோறே இல்லாத டயட், ஒரு வேளைப் பட்டினி இதெல்லாம் எந்த பி.எம்.ஐ.க்கும் இப்போது வேண்டாம், யார் யூடியூபில் சொன்னாலும்.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் மேலே சொன்னதை ஒதுக்கிவிட்டு டாக்டரும் டயட்டீஷியனும் எழுதித் தருவதை மட்டும் செய்யுங்கள். நம் ஊரில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷையா போன்றவர்கள் பாடுபட்டதால்தான் இந்த டெஸ்ட் வெறும் வயிற்றில் வராதவர்களுக்குக் கூட எடுக்கும்படி எளிமையாக இருக்கிறது. இதைத் தள்ளிப் போடாதீர்கள், மெலிந்தவர்களுக்கும் வருகிறது.

குழந்தை பிறந்த மறுநாளே எடையைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்குக் கூடுதல் தேவை 600 கலோரி, கர்ப்பத்தைவிட அதிகம். அந்த முட்டை, பால், கடலையை நிறுத்தாதீர்கள். என் 10 கிலோவில் ஏழு கிலோ நாற்பது நாளுக்குள் தானாகவே இறங்கியது. முதல் தடவை ஏறிய 20-இல் ஏழு கிலோ நான்கு வருஷம் என்னோடேயே இருந்தது, அந்த 63 அப்படி வந்ததுதான்.

நாத்தனாருக்கு இப்போது 31-ஆவது வாரம். ஞாயிறு காலையில் எடை மெஷினை போட்டோ எடுத்து அனுப்புகிறாள். 12.5 கிலோ முழுசாக ஏறாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் போன ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி வாரத்துக்குச் சரியாக இருந்தது. இந்த வாரம் 46.8. கூடவே, கடலை உருண்டை தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கிக்கொண்டு வாருங்கள் அண்ணி என்று எழுதியிருந்தாள்.